கணிப்பொறி வழியே ஆங்கிலம்: சில சிந்தனைகள்

மொழியைக் கற்பது ஒன்று. மொழியைக் கொண்டு பிறிதொன்றைக் கற்பது மற்றொன்று. நம் கல்வி நிலையங்களில் ஆங்கிலத்தைப் பொறுத்தவரை முதலாவது பணி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இரண்டாவது பணிக்கு உரிய இடம் இன்னும் அமையவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் முதற்பகுதியாகத் தமிழோ, அரபியோ, உருதுவோ அமைய, இரண்டாம் பகுதியாக ஆங்கிலம் அமைகிறது. பள்ளிப் பருவத்தையும் சேர்த்து எண்ணினால், பட்டம் பெறும் மாணவர் ஒவ்வொருவரும் பத்தாண்டுகளுக்கு மேல் அம்மொழியைப் பாடமாகப் பயின்றவர் ஆவார். எனினும், கணிப்பொறியில் நிரல் எழுதி இயக்கிக் காட்ட வல்ல மாணவர், "இதனை எவ்வாறு அமைத்தீர்?" என நேர்காணலில் ஆங்கிலத்தில் வினவினால் வாய் திறவாது நிற்பதைக் காண்கிறோம். அவரிடம் அறிவு இருக்கிறது. அதனை எடுத்துரைக்கும் மொழி இல்லை. தமிழ் வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளைகளே இதனால் மிகுதியும் இழக்கின்றனர். ஒரு குடும்பத்தின் நிலையை உயர்த்தக்க வேலைவாய்ப்பு அரை மணி நேர உரையாடலில் கைநழுவிப் போகிறது.

இம்மாணவர்க்கு மீண்டும் ஒரு முறை இலக்கண நூலைத் தொடக்கத்திலிருந்து கற்பிப்பதால் பெரும்பயன் விளையாது. அவர்கள் விரும்பிப் பயிலும் கணிப்பொறி, இணையம் ஆகிய பொருள்களைக் கொண்டே ஆங்கிலத்தைக் கற்பித்தல் வேண்டும். அப்பணியில் தமிழ்த்துறைக்கும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வரலாறு காட்டும் வழி

பொருளை நாடிச் சென்றவர் மொழியையும் பெற்றுத் திரும்பிய வரலாறு நமக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு மருத்துவர். கிறித்தவரான இவர் கிரேக்க மொழியைத் தேர்ந்து கற்று, கேலன் முதலிய மருத்துவ அறிஞரின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தார். சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்க்காது, வாக்கியத்தின் பொருளை உணர்ந்து பெயர்த்தவர் என இவர் போற்றப்படுகிறார். மருத்துவத்தை அறிந்திருந்தமை அதற்கு அவருக்குப் பெருந்துணையாயிற்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அறிவின் ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பிற்று. இத்தாலியின் கிரிமோனா நகரைச் சேர்ந்த ஜெரார்டு என்பார், தாலமியின் வானியல் நூலாகிய அல்மஜஸ்தைத் தேடி ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகருக்குச் சென்றார். அந்நூல் அங்கு அரபி மொழியில் இருந்தது. அதன்பொருட்டு அவர் அரபி கற்றார். 1187-இல் அவர் மறைவதற்குள் எழுபது அளவிலான அரபு நூல்கள் அவரால் இலத்தீன் மொழிக்குச் சென்றன. மொழியைக் கற்று முடித்த பின்னர் நூலைத் தேடியவர் அல்லர் அவர். நூலின்மீது கொண்ட வேட்கையே அவருக்கு மொழியைத் தந்தது.

கணிப்பொறி மாணவர் நாள்தோறும் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் ஆங்கிலச் சொல், அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞரின் பெயர் இலத்தீன் வழியே திரிந்து அமைந்ததாகும். அவருடைய நூற்பெயரில் உள்ள 'அல்-ஜப்ர்' என்பதே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. இந்தியர் கண்ட எண் முறையை அவர் அரபியில் விளக்கி எழுதினார். சுழியத்தைக் குறித்த 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தின் 'சைஃபர்', 'ஜீரோ' ஆகிய இரு சொற்களும் பிறந்தன. எனவே, இத்துறையின் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. நம் முன்னோர் கொடுத்தனுப்பிய செல்வமும் அதனுள் இருக்கிறது.

தெரிந்த பொருள், தெரியாத மொழி

புதிய பொருளையும் புதிய மொழியையும் ஒருசேரச் சுமப்பது கடினம். முன்பின் கண்டிராத ஆங்கில நாட்டு ஊரொன்றைப் பற்றிய உரைநடைப் பாடத்தில் மாணவர்க்குப் பொருளும் அயலாகிறது, சொல்லும் அயலாகிறது. கணிப்பொறியைப் பற்றிய பகுதியிலோ பொருள் முன்னரே பாதி விளங்கியிருக்கும். விளங்கிய பாதி, விளங்காத மொழிக்குக் கைகொடுக்கும். இக்கருத்தை ஒட்டியே 'சிறப்பு நோக்க ஆங்கிலம்' என்னும் பயிற்றுமுறை 1960-களிலிருந்து வளர்ந்து வந்தது. டாம் ஹட்சின்சன், ஆலன் வாட்டர்ஸ் ஆகியோர் 1987-இல் இதுபற்றி எழுதிய நூல் ஆங்கில ஆசிரியர் பலரும் அறிந்ததே. அண்ணா பல்கலைக்கழக ஆசிரியர்கள் பொறியியல் மாணவர்க்கெனத் தொகுத்த ஆங்கிலப் பாடநூலிலும் கணிப்பொறி, ஆற்றல், போக்குவரத்து போன்றனவே பாடப்பொருள்களாக இடம்பெற்றன.

இதன் பயனைச் சில சான்றுகளால் காணலாம். 'பைல் நாட் ஃபவுண்ட்' என்று கணிப்பொறி அறிவிக்கிறது. கோப்பு கிடைக்கவில்லை என்பது மாணவர்க்கு உடனே புரிகிறது. அதுவே ஒரு செயப்பாட்டு வினைத் தொடர் என்பதையும், அதில் துணைவினை தொக்கு நிற்கிறது என்பதையும், முழுத்தொடராயின் 'தி பைல் வாஸ் நாட் ஃபவுண்ட்' என அமையும் என்பதையும் ஆசிரியர் எடுத்துக்காட்டினால், இலக்கண வகுப்பில் விளங்காதது இங்கு விளங்கிவிடும். 'ஓபன்', 'சேவ்', 'பிரிண்ட்' என்பன ஏவல் வினைகள். நிரலில் 'இஃப்' என்று தொடங்கும் பகுதி நிபந்தனைத் தொடர். தமிழில் 'வந்தால்', 'இருந்தால்' என்னும் எச்சங்கள் செய்யும் பணியையே அது செய்கிறது.

இன்னும் ஒரு சான்று இங்குக் கருதத்தக்கது. இணையம் இயங்குதற்குரிய நெறிமுறைகள் 1969 முதல் 'ஆர்.எஃப்.சி.' என்னும் பெயரில் எண்ணிட்ட ஆவணங்களாக வெளிவருகின்றன. அவற்றுள் 1997 மார்ச்சில் வெளிவந்த 2119-ஆம் ஆவணம் சில பக்கங்களே கொண்டது. அந்நெறிமுறைகளில் 'மஸ்ட்', 'மஸ்ட் நாட்', 'ஷுட்', 'ஷுட் நாட்', 'மே' என்னும் சொற்கள் எப்பொருளில் வரும் என அது வரையறுக்கிறது. முதலாவது கட்டாயம், இரண்டாவது முற்றான தடை, மூன்றாவது, தக்க காரணம் இருந்தாலன்றி விடத்தகாதது, நான்காவது, தக்க காரணம் இருந்தாலன்றிச் செய்யத்தகாதது, ஐந்தாவது, செய்வோர் விருப்பத்திற்கு உரியது. பர்ளு, ஹராம், சுன்னத்து, மக்ரூஹ், முபாஹ் என்னும் ஐவகைப் பாகுபாட்டை மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த மாணவர்க்கு இப்படிநிலை உடனே மனத்தில் பதியும். இரண்டும் ஒன்றெனக் கூறவில்லை. கடமையின் அளவைச் சொல்லால் வேறுபடுத்தும் முறை அவர்க்கு முன்னரே பழக்கமானது என்பதே கருத்து. ஆண்டுக்கணக்கில் குழப்பம் தந்த துணைவினைகள் ஒரே வகுப்பில் தெளிவுபெற இது போதுமானது.

எழும் ஐயங்கள்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துறை சார்ந்த ஆங்கிலம் குறுகியது என்பர். இதில் உண்மை உண்டு. 'ஆர்க்யுமென்ட்' என்றால் நிரல் மாணவர்க்குச் செயற்கூற்றுக்குள் அனுப்பும் மதிப்பு. பிறர்க்கு அது வாதம் அல்லது பூசல். 'எக்ஸிக்யூட்' என்றால் இவர்க்கு நிரலை இயக்குதல். நீதிமன்றச் செய்தியிலோ அது மரண தண்டனையை நிறைவேற்றுதலையும் குறிக்கும். ஆதலால், ஒரு சொல்லின் துறைப்பொருளோடு நில்லாமல், அதன் பொதுப்பொருளையும் அவ்வப்போதே காட்டுவது ஆசிரியர் கடன்.

இலக்கியம் இல்லாத மொழிப்பயிற்சி வறண்டுபோகும் என்பர். இலக்கியத்தை நீக்கிவிடுக என்று எவரும் கூறவில்லை. கையேட்டின் பத்து வரியைத் தயக்கமின்றிப் படிக்கக் கற்ற மாணவரே பின்னர்ச் சிறுகதை ஒன்றைத் தாமாகக் கையில் எடுப்பார்.

இணையத்தில் காண்பன யாவும் நம்பத்தக்கவை அல்ல என்பது மூன்றாவது ஐயம். இது முற்றிலும் உண்மை. பிழையான ஆங்கிலமும் பொய்யான செய்தியும் அங்கு மலிந்துள்ளன. ஆனால், ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்காமல், அதனைச் சொன்னவர் யார், அவர்க்குச் சொன்னவர் யார், அவர்தம் நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையன என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தவர்கள் ஹதீஸ் கலை வல்லுநர்கள். அவ்வழி வந்த சமுதாயத்தின் பிள்ளைகட்கு, இணையப் பக்கத்தை எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், எதனைச் சான்றாகக் காட்டுகிறார் எனக் கேட்கப் பழக்குவது அரிய செயலன்று. இப்பழக்கமே ஒரு சிறந்த வாசிப்புப் பயிற்சியும் ஆகும்.

தமிழுக்குரிய பங்கு

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலத்திற்குப் பரிந்துரை எதற்கு எனச் சிலர் வினவலாம். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் விளக்க இயலாத மாணவர் அதனை உண்மையில் புரிந்துகொள்ளவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறார். எனவே, ஆங்கில வாசிப்பின் உரைகல் தமிழ் விளக்கமே.

இத்துறையில் நமக்கு நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்புக்குப் பல்லாண்டு ஆசிரியராக இருந்தவரும், மருத்துவம், அறிவியல், கணினி ஆகிய துறைகட்குக் கலைச்சொல் அகராதிகள் ஆக்கியவருமான மணவை முஸ்தபா அவர்கள் 2017-இல் மறைந்தார். ஆங்கிலத்தை ஊன்றிப் பயின்றதாலேயே அவரால் தமிழுக்கு இத்தொண்டினை ஆற்ற முடிந்தது. அவர் விட்டுச் சென்ற பணியின் ஒரு சிறு கூறினை நம் மாணவர் மேற்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்ந்து வருகிறது. கணிப்பொறி சார்ந்த ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, சரிபார்த்து, அதற்குத் தமிழில் ஒரு கட்டுரை எழுதும் மாணவர், ஆங்கிலம், தமிழ், தம் துறை ஆகிய மூன்றையும் ஒருங்கே பயில்கிறார். ஹுனைன் செய்த பணியின் சாயல் அதில் உண்டு.

பொறியே மொழிபெயர்க்கும் காலம்

இன்று பொறியே மொழிபெயர்க்கிறது. மனிதரைப் போல் உரையாடும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. வேண்டிய மடலை அது நொடியில் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறது. இனி ஆங்கிலம் கற்பது எதற்கு என மாணவர் கேட்பதில் வியப்பில்லை.

பொறி எழுதித் தந்த மடலில் பிழை உளதா, சொல்லக் கருதியதைத்தான் அது சொல்லியிருக்கிறதா என அறிவதற்கு அம்மொழி தெரிந்திருத்தல் வேண்டும். அறியாத மொழியில் எழுதப்பட்டதன் கீழ்க் கையெழுத்திடுவது, படிக்காத பத்திரத்தில் கையெழுத்திடுவதை ஒக்கும். நேர்காணலில் எதிரே அமர்ந்திருப்பவர் வினவும்போது பொறியை நாடவும் இயலாது. ஆதலால், முதலில் தாமே ஐந்து தொடர் எழுதுக. பின்னர்ப் பொறியிடம் காட்டித் திருத்தம் பெறுக. அது ஏன் திருத்தியது எனக் கேட்டு அறிக. இவ்வரிசை மாறினால், உதவ வந்த கருவியே ஊன்றுகோலாகி, கால் வலுவிழந்துபோகும்.

செய்யத்தக்கன

பெருஞ்செலவின்றி இதனைத் தொடங்கலாம். வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்துறை, கணிப்பொறித்துறை, தமிழ்த்துறை ஆகிய மூன்றின் ஆசிரியரும் ஒரே வகுப்பில் கூடுக. ஒரு கையேட்டின் ஒரு பக்கத்தை மாணவர் படிக்க, அதனைத் தமிழில் விளக்க, பின்னர் ஆங்கிலத்தில் ஐந்து தொடர் எழுதி எழுந்து நின்று பேசட்டும். திரையில் தோன்றும் பிழைச்செய்திகளை ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பொருளும் இலக்கணமும் குறித்து வரட்டும். வீட்டில் கணிப்பொறி இல்லாத மாணவரும், குறிப்பாக மாணவியரும், பயன்பெறும் வண்ணம் ஆய்வகம் மாலையில் ஒரு மணி நேரம் திறந்திருக்க நிருவாகத்தார் ஆவன செய்தல் நலம். கல்வி உதவித்தொகை வழங்கும் பெரியோர், கட்டணத்தோடு இத்தகைய பயிற்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

இறைமறையின் முதல் வெளிப்பாடு ஓதுதலைப் பணித்தது, எழுதுகோலை நினைவூட்டிற்று. அம்மறையை நெஞ்சில் ஏந்தும் சமுதாயத்தின் பிள்ளைகள், கற்ற தொழிலைச் சொல்ல மொழியின்றித் தலைகுனிந்து நிற்கும் நிலை நீடித்தல் ஆகாது. வரும் கல்வியாண்டிலேனும் ஒரு வகுப்பில் இம்முயற்சி தொடங்குமாயின், அதன் பயனை அடுத்த வளாகத் தேர்விலேயே காணத் தொடங்கலாம். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!