தேங்காய் எண்ணெய் உறையும் நாள்களில்

மார்கழி, தை மாதங்களில் எங்கள் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குக் காலை வேளையில் கொண்டுவரப்படும் குழந்தைகளுள் சிலருக்கு நோய் என்று சொல்ல எதுவும் இருப்பதில்லை. உடல் குளிர்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்கு அந்த 'அவ்வளவுதான்' சிறிய செய்தி அன்று.

சென்ற தை மாதத்தில், பிறந்து பதினொரு நாளான ஒரு பெண்குழந்தை அவ்வாறு வந்தது. எடை 2.3 கிலோ. தீட்டுக் கழிக்கும் நாள் என்பதால் விடிவதற்கு முன்பே தலைக்கு ஊற்றியிருக்கிறார்கள். வெந்நீரில்தான் ஊற்றினார்கள், அதில் குறை இல்லை. ஆனால் சாம்பிராணிக்குத் தணல் ஆயத்தமாகும் வரை ஈரத்தலையுடன் குழந்தை மடியிலேயே கிடந்திருக்கிறது. எட்டு மணிக்குப் பால் குடிக்க மறுத்தது, அழுகையும் மெலிந்தது. நாங்கள் தொட்டுப் பார்த்தபோது பாதமும் வயிறும் சேர்ந்தே குளிர்ந்திருந்தன. தாயின் மார்போடு அணைத்தும், வெப்பமூட்டும் கருவியின்கீழ் வைத்தும் சூடேற்றினோம். மூன்றாம் நாள் நன்றாகப் பால் குடித்துக்கொண்டு வீடு திரும்பியது.

அந்த மூன்று நாளும் வராந்தாவில் அழுதபடி இருந்தவர் குழந்தையின் பாட்டி. தம் நான்கு பிள்ளைகளையும் காலை நீட்டி அமர்ந்து, கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டி வளர்த்தவர். அவரை அதட்டுவது எளிது. ஆனால் தவறு எங்களுடையது என்றே நாங்கள் கருதுகிறோம். குழந்தையைக் கதகதப்பாக வைத்திருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னோம். யாரிடம் சொன்னோம்? அறுவை சிகிச்சை முடிந்து, தையல் வலியோடு படுத்திருந்த தாயிடம். நம் வீடுகளில் முதல் சில மாதங்கள் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுபவர் தாய் அல்லர். பாட்டியோ, பெரியம்மாவோ, அதற்கென்றே வந்துபோகும் அம்மாவோதான். அவர்களிடம் நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆகவே இக்கட்டுரையைத் தாய்மார்களைவிட அவர்களுக்கே எழுதுகிறோம்; படிக்க இயலாதவர்களுக்கு வீட்டில் யாரேனும் படித்துக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்குக் குளிர் எடுத்தால் உடல் நடுங்கும். அந்த நடுக்கமே வெப்பம் தரும். பச்சிளங்குழந்தை அவ்வாறு நடுங்குவதில்லை. கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு இடையிலும் சேமித்து வைத்துள்ள ஒருவகைக் கொழுப்பை எரித்தே தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. குளிர் நீடித்தால் இரத்தத்தில் சர்க்கரை குறையும். குழந்தை சோர்ந்து பால் குடிப்பதை நிறுத்தும். குடிக்காததால் மேலும் குளிரும். குழந்தையின் உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலை. அத்தலை ஈரமாக இருந்தால், நீர் ஆவியாகும்போதெல்லாம் உடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டே போகும். வெந்நீரில் குளிப்பாட்டினோமே, எப்படிக் குளிர்ந்தது என்ற கேள்விக்கு விடை இதுதான். ஆபத்து நீரில் இருப்பதைவிட, குளித்து முடித்த பிறகான ஐந்து நிமிடங்களில்தான் அதிகம்.

குளிர்காலத்தில் நாள்தோறும் குளிப்பாட்ட வேண்டும் என்ற கட்டாயம் மருத்துவத்தில் எங்கும் இல்லை. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். மற்ற நாள்களில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டால் குழந்தை தூய்மையாகவே இருக்கும். தொப்புள்கொடி விழும் வரையிலும் அப்படித் துடைப்பதே நலம். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கோ, மருத்துவர் சொல்லும் எடை வரும் வரை குளியலே வேண்டாம். இதில் மருத்துவமனைகளும் பாடம் கற்கவேண்டியிருந்தது. பிறந்தவுடன் குளிப்பாட்டிப் பளிச்சென்று உறவினரிடம் காட்டுவது பல இடங்களில் ஒருகாலத்தில் வழக்கம். இப்போது உலக சுகாதார நிறுவனம் முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது. மருமகள் ஒருநாள் குளியலை விட்டுவிட்டால் அதைச் சோம்பல் என்று கருதுகிற வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

குளிப்பாட்டும் நாளில் விடியற்காலை வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம். சடங்குக்குரிய நாளாயினும், நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்க எந்தப் பெரியவரும் மறுக்கமாட்டார் என்று நம்புகிறோம். அறையின் வெப்பத்தை அறிய உங்கள் வீட்டிலேயே ஒரு கருவி உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும். அறையில் வைத்திருக்கும் எண்ணெய் உறைந்திருந்தால், அந்த அறை குழந்தையின் ஆடையைக் களைவதற்கு ஏற்றதன்று. உதகையிலும் கொடைக்கானலிலும் இது பல மாதக் கதை. அங்கே அறையைச் சூடாக்காமல் குளியல் கூடாது. சென்னையில் ஜன்னலை மூடி மின்விசிறியை நிறுத்தினாலே பெரும்பாலும் போதும்.

எண்ணெய் தேய்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. குழந்தைக்கு அந்தக் கைகளின் தொடுகை நல்லது. ஆனால் முழு உடலையும் திறந்து போட்டு அரை மணி நேரம் தேய்க்காமல், ஒரு கையையோ காலையோ மட்டும் வெளியே எடுத்துத் தேய்த்து, மற்றதைத் துணியால் மூடிவையுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் வெந்நீரை விளாவி, கையால் அடிவரை கலக்குங்கள். உள்ளங்கை சமையலறைச் சூட்டுக்குப் பழகிப்போனது. அதை நம்பாமல் முழங்கையை நனைத்துப் பாருங்கள். சூடும் குளிரும் தெரியாமல் வெதுவெதுப்பாக, சுமார் 37 பாகை இருந்தால் சரி. குழந்தை மடியில் இருக்கும்போது வாளியில் மீண்டும் வெந்நீர் ஊற்ற வேண்டாம். தண்ணீர் காய வைக்கும் மின்கம்பியைக் குழந்தை இருக்கும் இடத்திலிருந்து முன்பே அகற்றிவிடுங்கள். கேஸ் கீசர் உள்ள குளியலறையைக் காற்று வராமல் மூடிக்கொண்டு குளிப்பாட்டக் கூடாது. அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. வேறிடத்தில் நீர் பிடித்துக்கொண்டு அறையில் ஊற்றுங்கள்.

ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, முதலில் தலையைத் துவட்டுங்கள். உலர்ந்த துண்டு, குல்லாய், சட்டை எல்லாம் முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். துவட்டிய ஈரத்துண்டிலேயே சுற்றி வைக்காதீர்கள்.

சாம்பிராணியைப் பற்றி எழுதினால் கோபம் வருகிறது என்று அறிவோம். அந்த மணம் பலருக்கும் குழந்தைப்பருவத்தின் மணம். ஆனால் தலையை உலர்த்துவதற்காகப் போட்ட புகை அது. உலர்த்தப் பருத்தித் துண்டு போதும். மூடிய அறையில் கரித்தணலின் புகை அச்சிறு மூச்சுக்குழாய்களை எரிச்சலூட்டும். இளைப்பு உள்ள குழந்தைக்கு மேலும் துன்பம். வேண்டுமானால் பூசையறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசனைப் பவுடரும் அவ்வாறே மூச்சில் ஏறும். அது தேவையே இல்லை.

குளித்து உறங்கும் குழந்தையின் பாதத்தையும் வயிற்றையும் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நன்று. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குழந்தைக்குக் குளிரத் தொடங்கிவிட்டது. தாயின் வெற்று மார்பில் குழந்தையை அணைத்து, மேலே போர்வை போர்த்திப் பால் கொடுங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அதே அணைப்பிலேயே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கட்டணச் சீட்டுக்கும் மருந்துக்கும் ஆள் வருவதைப்போல, குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றப்போகிறவரையும் அழைத்து வாருங்கள். எங்கள் செவிலியர் அவரிடம் கால்மணி நேரம் பேசுவார். அவர் சொல்வதையும் கேட்டுக்கொள்வார்.