பழனி, கொடைக்கானல் ட்ரிப்புக்கு ஒரே ஒரு கேமரா: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்?

பழனியையும் கொடைக்கானலையும் சேர்த்து இரண்டு நாள் ட்ரிப் போட்டால், ஒரு கேமராவுக்கு என்னென்ன பரீட்சை உண்டோ அத்தனையும் நடந்துவிடும். அடிவாரத்தில் கண்ணைக் கூசும் வெயில், மொட்டை போட்ட குழந்தையின் அழுகை. அங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறினால், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் குளிர், தூறல், பனிமூட்டம். கோக்கர்ஸ் வாக்கில் ஒரு நிமிஷம் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும். அடுத்த நிமிஷம் பக்கத்தில் நிற்பவரே தெரிய மாட்டார். ராத்திரி தங்கும் அறையில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சீட்டு விளையாடுவார்கள். அதையும் படம் பிடிக்கணும்.

"ஒரே கேமராதான் வாங்கப் போறோம். குடும்ப போட்டோவுக்கும் ஆகணும், மலை, காட்டுக்கும் ஆகணும், தூக்கவும் லேசா இருக்கணும்." கடைக்குப் போகிற பலரின் கோரிக்கை இதுதான். நியாயமான கோரிக்கை. ஆனால் இதற்குப் பதிலாகக் கடையில் முதலில் எடுத்து வைக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு லென்ஸ் கிட். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

கேனான் 1500டி மாதிரியான ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடி மட்டும் 475 கிராம். கூட வரும் 18-55 லென்ஸ், 55-250 லென்ஸ் இரண்டையும் சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும். பை, சார்ஜர் தனி. இந்த எடையைவிடப் பெரிய தொல்லை லென்ஸ் மாற்றுவது. பில்லர் ராக்ஸில் மேகம் விலகி 122 மீட்டர் உயரப் பாறைகள் தெரிவதே சில நொடிதான். அதற்குள் ஒரு லென்ஸைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, கழற்றியதை எங்கே வைப்பது என்று தேடினால் மேகம் மூடிவிடும். தூறலில் திறந்த கேமராவுக்குள் ஈரமும் தூசியும் போகும். முதல் ட்ரிப்பில் ஆசையாக மாற்றுவார்கள். இரண்டாவது ட்ரிப்பில் பெரிய லென்ஸ் பையை விட்டு வெளியே வராது. மூன்றாவது ட்ரிப்பில் பையே வீட்டில் இருக்கும், செல்போன்தான் வேலை செய்யும். அரை லட்சம் ரூபாய் பீரோவுக்குள் தூங்கும்.

ஆகவே "இது எவ்வளவு நல்லா படம் எடுக்கும்?" என்பதை இரண்டாவதாகக் கேட்டுக்கொள்ளலாம். "இதை நாள் முழுக்க யார் தூக்குவாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. காவடியோடு பல நாள் நடந்து பழனிக்கு வரும் பாதயாத்திரைக்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். அவர்கள் தோள் பையில் 300 கிராமுக்கும் ஒரு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் ஒட்டன்சத்திரம் வருவதற்குள் புரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பழனி மலைக்கோயிலுக்குள் எந்தக் கேமராவுக்கும் வேலை இல்லை. கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன்பின் பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போன், கேமரா இரண்டும் மேலே கொண்டுபோகத் தடை. படியில் ஏறினாலும், விஞ்சில் போனாலும், ரோப் காரில் போனாலும் கீழேயே ஒப்படைத்துவிட்டுத்தான் போகணும். அந்த வரிசையில் நிற்கும்போது டோக்கன் போட்டுக் கொடுக்க ஒரே ஒரு சின்னப் பொருள் இருந்தால் நிம்மதி. இரண்டு லென்ஸ், ட்ரைபாட், பை என்று ஒரு மூட்டை இருந்தால், சாமி கும்பிடும்போதும் மனசு கீழேயே இருக்கும்.

சரி, எவ்வளவு ஜூம் வேணும்?

கேமரா பெட்டியில் 24-200 எம்எம் மாதிரி ஒரு எண் போட்டிருக்கும். பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சொல்லப்படும் அளவு அது. 24 என்றால் அகலமான பார்வை: வேனுக்கு முன்னால் நிற்கும் பதினைந்து பேரும் அடங்குவார்கள். 50 முதல் 85 வரை முகங்களுக்கு அழகு. மூக்கு பெரிசாகத் தெரியாது. 200 என்பது தூரத்தை இழுக்கும். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டெருமைகள் வந்து போகின்றன. செல்போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் முட்டு வாங்கியவர்கள் உண்டு. ரோட்டின் இந்தப் பக்கம் காருக்குள் இருந்தபடியே படம் எடுக்க 200 போதும். குடும்பத்துக்கு அதற்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது. பறவை படம் எடுக்கும் பித்துப் பிடித்தவர்களின் கதை வேறு. அவர்கள் 600-க்குப் போவார்கள், கிலோ கணக்கில் சுமப்பார்கள், சந்தோஷமாகவும் இருப்பார்கள்.

"40எக்ஸ் ஜூம், சட்டைப் பையில் அடங்கும்" என்று விற்கப்படும் மலிவான காம்பேக்ட்டுகளில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். இவற்றின் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கும் சில்லு, பெரும்பாலும் சுமார் 28 சதுர மில்லிமீட்டர்தான். இன்றைய நடுத்தர விலை செல்போன்களின் மெயின் கேமரா சென்சாரே பெரும்பாலும் இதைவிடப் பெரிசு. வெயிலில் தூரத்து மலை வரைக்கும் இழுத்துக் காட்டும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஏரிக்கரையில் ஓடும் குழந்தையை எடுத்தால் புள்ளி புள்ளியாக, கலங்கலாக வரும். கையில் செல்போன் இருக்கும்போது, அதைவிடச் சின்ன சென்சாருக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

ஒரு இன்ச் வகை சென்சார் சுமார் 116 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி வகை சுமார் 366. அதாவது மூன்று மடங்கு. மங்கலான அறையிலும், ஓடுகிற பிள்ளையிடமும் இந்த வித்தியாசம் தெரியும். மெகாபிக்ஸல் சண்டையை இங்கே ஓரம் கட்டிவிடலாம். ஆல்பத்தில் ஒட்டும் 6×4 பிரிண்டுக்கு இரண்டேகால் மெகாபிக்ஸலே போதும். 20 மெகாபிக்ஸல் இருந்தால் சுவரில் மாட்டும் 18×12 அளவுக்கும் துல்லியமாக வரும்.

அப்படியானால் எது? நிறைய நடப்பவர்கள், பை தூக்கப் பிடிக்காதவர்களுக்கு ஒரு இன்ச் சென்சார் காம்பேக்ட். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2019இல் வந்த ஏழாவது மாடல் நல்ல உதாரணம்: 24-200 ஜூம், 302 கிராம், வெயிலில் கண் வைத்துப் பார்க்க மேலே எழும்பும் சின்ன வியூஃபைண்டர். விலைதான் கொஞ்சம் கசக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, கொஞ்சம் எடை பரவாயில்லை என்றால், ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் பாடியில் நிரந்தரமாக ஒரே ஒரு நீள ஜூம் லென்ஸ். கேனான் ஆர்50 பாடியோடு 18-150 லென்ஸ் சேர்த்தால் 700 கிராமுக்குள் அடங்கும். ஃபிலிம் கணக்கில் 29 முதல் 240 வரை போகும். சோனியில் 6000 வரிசையோடு 18-135, நிக்கானில் இசட்50-யோடு 18-140 என்று இதே மாதிரி ஜோடிகள் உண்டு. லென்ஸை மாட்டிய நாளிலிருந்து கழற்றவே கூடாது, அவ்வளவுதான். கழற்ற முடியும் என்பதற்காகக் கழற்றணும் என்று கட்டாயம் இல்லையே.

அருவி, ஆறு, மழை என்றே சுற்றுபவர்களுக்கு ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 மாதிரி தண்ணீருக்குள் 15 மீட்டர் வரை போகும் கேமரா உண்டு. ஆனால் அதன் சென்சாரும் அந்தச் சின்ன வகைதான். குடும்பத்தின் ஒரே கேமரா என்ற இடத்துக்கு அது பற்றாது.

மூன்றாவது வழியும் இருக்கிறது. கடைக்காரர் சொல்ல மாட்டார். கையில் நல்ல செல்போன் இருந்து, எடுப்பது பெரும்பாலும் குரூப் போட்டோவும் இயற்கைக் காட்சியும்தான் என்றால், கேமராவே வேண்டாம். அந்தக் காசில் இன்னும் இரண்டு ட்ரிப் போய் வரலாம்.

மலை மேலே கவனிக்க வேண்டியவை

பனிமூட்டத்தில் எடுத்த படம் அழுக்குச் சாம்பலாக வருகிறது என்பது பொதுவான புகார். கேமரா மேல் தப்பில்லை. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சத்தைக் கொண்டுவர அது பழக்கப்பட்டிருக்கிறது. பிளஸ்-மைனஸ் குறி போட்ட பட்டனில் பிளஸ் ஒன்று வைத்தால் பனி வெள்ளையாகும். ஃபோகஸ் அலைந்தால், வெறும் பனியை விட்டு ஒரு மரக்கிளை விளிம்பையோ சிவப்பு ஸ்வெட்டரையோ காட்டினால் பிடித்துக்கொள்ளும்.

குளிரில் ராத்திரி முழுக்க இருந்த கேமராவை மறுநாள் பழனிக்கு இறங்கியதும் வெக்கையில் சட்டென்று திறந்தால் கண்ணாடியில் வேர்க்கும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டால் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டுவது நம்மூர் வழக்கம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கணும், வாரம் ஒருமுறையாவது வெளியே எடுக்கணும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் செல்போன் டார்ச்சை லென்ஸ் வழியாக அடித்துப் பார்க்கலாம். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். குரங்குகள் விஷயத்தில் ஒரே மருந்து, மணிக்கட்டில் மாட்டும் வார்.

ஒரே கருவியோடு நெடுநாள் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறது. ஒரே மாதிரியான முறையில் தொடர்ந்து எடுத்ததால்தான் அந்தப் படங்களை இன்றும் ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018இல்; அடுத்து 2030இல் பூக்கணும். இன்று வாங்கும் கேமரா அதுவரை வேலை செய்யும், பூஞ்சை பிடிக்காமல் இருந்தால். புது மாடல் வந்ததா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு ஃபிலிம் ரோலுக்கு 12 படம்தான்; திருகவும் பெரிசாக ஒன்றும் இல்லை. அதனால் யார் கையில் கொடுத்தாலும் படம் விழுந்தது, கேமராவின் சொந்தக்காரரும் படத்தில் இருந்தார். இப்போது பல ஆல்பங்களில் அப்பாவோ அம்மாவோ இருப்பதில்லை, அவர்தானே எடுக்கிறார். கடைக்குப் போகும்போது தாத்தாவையோ பத்து வயசுப் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போகலாம். ஆட்டோவில் வைத்து, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் அவர்கள் கையில் கேமராவைக் கொடுத்து, எதிரே போய் நின்று பார்க்கலாம்.