நாணிறக்கிய வில்

வில்லைக் குறித்துத் தமிழில் வழங்கும் சொற்களுள் ‘நாணேற்றுதல்’ என்பது எமக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஏற்றுவதென்றால், அதற்கு முன் இறக்கி வைத்திருந்தார்கள் என்பதன்றோ பொருள்? நாடக மேடையிலும் நாட்காட்டிப் படங்களிலும் நாம் காணும் வில் எந்நேரமும் நாண் பூட்டியபடியே நிற்கிறது. உண்மையான வில்லாளன் மரவில்லை அவ்வாறு வைத்திரான். வேட்டை முடிந்த மறுகணமே நாணை இறக்கிவிடுவான்.

நாம் வேட்டையாடுவோரல்லோம், புலால் உண்போருமல்லோம். அங்ஙனமிருக்க, வேட்டை வில்லைப் பற்றி எழுதுவானேன் என்று எம் வீட்டிலேயே கேட்கிறார்கள். தச்சன் தன் கருவியைப் பேணாவிட்டால் கெடுவது ஒரு பலகை. வேடனுடைய கருவி பழுதானாலோ, அதன் தண்டனையை அனுபவிப்பது வேடனன்று. அம்பு தைத்தும் சாகாமல் காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் வதைபடும் மான். ஆதலால் வேட்டையை விரும்பாதவரே இதில் கூடிய அக்கறை கொள்ள வேண்டுமென்பது எமது எண்ணம்.

வில்லைப் பேணுவதில் எம் மனத்தைக் கவர்ந்த ஒரு மனிதரை ஈண்டு அறிமுகஞ் செய்கிறோம். வட அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மலைப்பகுதியில் யாகி என்னும் சிறு குலத்தார் வாழ்ந்தனர். அந்நாட்டில் 1848ஆம் ஆண்டில் பொன் கண்டெடுக்கப்பட்டதும் வெள்ளையர் வெள்ளம்போல் வந்து குடியேறினர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் யாகியர் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர். எஞ்சிய ஒரு சிலர் நாற்பது ஆண்டுகள் மலையிடுக்குகளில் ஒளிந்து வாழ்ந்தனர். துப்பாக்கி வெடித்தால் இருப்பிடம் தெரிந்துவிடும். வில்லோ ஓசை எழுப்பாதது. அவர்கள் உயிர் தரித்திருந்தது வில்லினாலும் தூண்டிலினாலுமே எனலாம். 1908ஆம் ஆண்டில் நில அளவையாளர் சிலர் அவர்களது மறைவிடத்தில் தற்செயலாகப் புகுந்தனர். வில், அம்பு, கூடை, போர்வை என்று கைக்கு எட்டியவற்றை நினைவுப் பொருள்களாக எடுத்துச் சென்றனர். மாரிகாலம் தொடங்கும் தறுவாயில் வேடனிடமிருந்து வில்லைப் பறிப்பது எத்தகைய செயல் என்பதை அவர்கள் சிந்தித்திருக்கமாட்டார்கள்.

மூன்றாண்டுகள் சென்றபின், 1911 ஆவணியில், ஒரோவில் என்னும் ஊரின் இறைச்சிக் கொட்டிலருகே பசியால் வாடிய மனிதரொருவர் தனியே காணப்பட்டார். அக்குலத்தில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. சான்பிரான்சிஸ்கோ நகரில் இருந்த சர்வகலாசாலை நூதனசாலைக்கு அவரை அழைத்துச் சென்றனர். தம் பெயரைத் தாமே கூறுவது அவர்தம் வழக்கமன்று. ஆதலால் பேராசிரியர் குரோபர் அவரை ‘இஷி’ என அழைத்தார். அவருடைய மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். அயலிலிருந்த மருத்துவக் கல்லூரியில் சத்திரவைத்தியம் கற்பித்த சக்ஸ்டன் போப் என்பவர் இஷிக்கு வைத்தியராக வந்து, நண்பராகி, ஈற்றில் வில்வித்தையில் மாணாக்கராகவும் அமர்ந்தார். இஷியிடம் கற்றவற்றை 1918ஆம் ஆண்டில் எழுதியும் வைத்தார். அவ்வாறு எழுதாதிருந்தால் ஒரு குலத்தின் அறிவு முழுவதும் அம்மனிதரோடு மறைந்திருக்கும்.

வில்லைத் தெரிவதில் இஷிக்கு அளவுகோல் அவருடைய உடம்பே. ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, அக்கையிலிருந்து மறுபுறத்து இடுப்புவரை உள்ள தூரமே வில்லின் நீளம். வன்மையான வில்லுக்கு அகலம் நான்கு விரல். இலேசான வில்லுக்கு மூன்று விரல். பிறர் உடம்புக்கு அமைந்த வில் தமக்கு ஆகாது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. இன்று வில் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே. எழுபது இறாத்தல் இழுவை கொண்ட வில்லை வாங்கினோம் என்று பெருமைப்படுவார்கள். அதை இழுக்கும்போது தோள் நடுங்கும்; நடுங்கும் தோளுக்குக் குறி வாய்க்காது. இஷியின் வில் நாற்பது முதல் ஐம்பது இறாத்தல் வரையிலான இழுவையுடையதே. மானுக்கு அது போதுமாயிருந்தது. அவர் அண்மையில் சென்று எய்தார் என்பதே காரணம். தொலைவிலிருந்து எய்வதை அவர் திறமையாகக் கருதியதில்லை. மானின் அருகே ஓசையின்றிச் செல்வதையே திறமையாகக் கொண்டார்.

அவருடைய வில் மலைச் சூனிபர் மரத்தாலானது. முதுகுப்புறத்தில் மானின் தசைநார்களை, மீன்தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டியிருப்பார். நாரும் பசையும் ஈரத்தில் நெகிழ்வன. எனவே மழையும் பனியும் படாமல் வில்லைத் தோலுறையில் பொதிந்து வைப்பார். பயன்படுத்தாத வேளையில் நாணை இறக்கிவிடுவார். இதற்குக் காரணம் வெளிப்படை. வளைந்தபடியே நெடுநேரம் இருக்கும் மரத்தின் உட்புறத்து இழைகள் நசுங்கி, அவ்வளைவிலேயே படிந்துவிடுகின்றன. பின்னர் நாணை எடுத்தாலும் மரம் முற்றாக நிமிர்வதில்லை. நிமிராத அளவுக்கு வலிமையும் குன்றிவிடும்.

நாணிறக்கிய வில்லையும் அவர் சுவரில் சாத்தமாட்டார், கிடையாகவே வைப்பார். நிமிர்த்தி வைத்த வில் ஓய்வின்றி உழைத்துக்கொண்டே இருக்கும், வியர்க்கும், களைத்துப்போகும் என்பது அவர் கூற்று. வில்லுக்கு வியர்வை உண்டோ என்று நகைப்பவர், நனைந்த நிலத்தில் ஊன்றிய மரநுனி நீரை உறிஞ்சுவதை எண்ணிப் பார்க்கட்டும். சிறுவர் தாண்டிய வில் கோணலாக எய்யும் என்றும் அவர் நம்பினார். இருபது ஆண்டுகளாக மாணவர் நடுவில் காலங் கழிக்கும் நாம் அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கத் துணியோம்.

வில்லைவிட அம்பிலேயே கூடிய கவனம் வேண்டும். வில் சிறிது சோர்ந்தாலும் நல்ல அம்பு நேரே செல்லும். அம்பு கோணலானால் எந்த வில்லும் அதைத் திருத்தாது. இஷி நேரான கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டி, உலரவிடுவார். உலர்ந்தபின் ஒவ்வொன்றாகத் தணலில் காட்டி, சூடேறிய இடத்தைக் காற்பெருவிரலில் வைத்து அழுத்தி நிமிர்த்துவார். பிறகு ஒரு கண்ணை மூடி அம்பின் நீளத்தை நோக்குவார். மீண்டும் தணல், மீண்டும் கால்விரல். ஒரு முறை நிமிர்த்தினால் போதாது. மரம் பழைய கோணலை மறப்பதில்லை; ஈரம் பட்டால் அதற்கே திரும்பும்.

நேராயிருந்தால் மட்டும் போதுமா? போதாது. நாண் பின்னாலிருந்து உந்தும் கணத்தில் அம்பு வளைகிறது. வளைந்து வில்லின் தண்டைச் சுற்றிக்கொண்டு வெளியேறிப் பின்னர் நேர்ப்படுகிறது. அதிவேக நிழற்படங்கள் இதனைக் காட்டியிருக்கின்றன. வில்லின் வலிமைக்கு அம்பின் விறைப்பு பொருந்தாவிட்டால், அம்பு ஒருபக்கமாக விலகிப் பாயும். இக்காலத்தில் இவ்விறைப்பை அளக்க எளிய முறையொன்று உண்டு. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் அம்பை வைத்து, நடுவில் 1.94 இறாத்தல் நிறையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தாழ்ந்தால் அம்பின் எண் 500. அங்குலத்தின் ஆயிரத்தில் 340 பங்கு தாழ்ந்தால் 340. எண் குறையக் குறைய விறைப்பு மிகும். வில்லை மாற்றியவர் அம்பையும் மாற்றவேண்டி வருவது இதனாலேயே.

அம்பின் வாலிலுள்ள இறகுகள் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், அம்பு தள்ளாடும். அம்பில் நாண் பொருந்தும் பிளவை நம் முன்னோர் ‘குதை’ என்றனர். அதில் மயிரிழையளவு கீறல் கண்டாலும் அவ்வம்பை விலக்கிவிட வேண்டும்.

அம்பு முனைக்கு இஷி எரிமலைக் கண்ணாடிக் கல்லைப் பயன்படுத்தினார். வெள்ளையர் வந்தபின் உடைந்த போத்தற் கண்ணாடியும் உதவியது. மான்கொம்பின் நுனியால் அழுத்தி அழுத்திச் செதில்களைப் பெயர்த்து, அரைமணி நேரத்தில் ஒரு முனையை உருவாக்கிவிடுவார்.

இரும்பு முனை தேவைப்பட்ட நம் நாட்டு வேடர் கைக்கொண்ட முறை வேறு. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் அதனை விவரிக்கிறார். வேடர் இரவில் வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் தமக்கு வேண்டிய முனையின் வடிவில் நறுக்கிய இலையொன்றையும் வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வடிவில் செய்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாதுவிட்டாலோ, என்றேனும் ஓரிரவு அவனை நோக்கி அம்பு வரும்! ஒரு சொல்லும் பேசாமல் அளவு கொடுத்துப் பொருள் வாங்கிய அவ்விலையை எண்ணி நாம் வியக்கிறோம். கடையில் வைத்திருப்பதே போதுமென்று அவர்கள் திருப்தியடையவில்லை; தம் வில்லுக்கும் விலங்குக்கும் ஏற்ற வடிவத்தைத் தாமே தீர்மானித்தனர். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அமைக்கப்பட்டதும், தம்பானை வேடரின் வேட்டைக்காடுகளிற் பெரும்பகுதி அதனுள் அடங்கிவிட்டது. காட்டைக் காக்க வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எய்யாத வில்லைப் பேணும் அறிவு எத்தனை தலைமுறைக்கு நிலைக்கும்?

இஷி 1916 பங்குனியில் காசநோயால் இறந்தார். அவருடைய வில்லொன்றையும் ஐந்து அம்புகளையும் நண்பர்கள் உடலோடு வைத்துத் தகனஞ் செய்தனர். போப் தம் ஆசிரியரின் கலையை விடாது பயின்று, 1923இல் வில்வேட்டையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அமெரிக்காவில் வில்வேட்டை மீண்டும் பரவியதற்கு அந்நூல் பெருங் காரணமாயிற்று.

அங்கே இன்று பெரும்பாலோர் கையிலிருப்பது உருளைகள் பொருத்திய பொறிவில். அதற்குரிய உரிமையை அலன் என்பவர் 1969இல் பெற்றார். இதன் நாணை நாள்தோறும் இறக்க வேண்டியதில்லை. ஆனால் வேறு சில விதிகள் உண்டு. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் வில்லை விட்டுச் செல்லலாகாது. வெப்பம் தண்டின் பசையைக் கெடுக்கும். நாணுக்கு இடையிடையே மெழுகு பூச வேண்டும். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடுதல் எவ்வில்லுக்கும் கேடு. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லின்மேலேயே திரும்பி, அதனைப் பிளந்துவிடும்.

கரியிழை அம்புகளின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை எய்யுமுன்பும் அம்பை இரு கைகளாலும் மெல்ல வளைத்துக் காதருகே பிடித்துக் கேட்க வேண்டும். ‘நெறுக்’கென்ற ஒலி எழுந்தால் அது பழுது, எய்தால் சிதறி, வில்லேந்திய கையிலேயே பாயும். அத்தகைய அம்பை அவ்விடத்திலேயே முறித்து எறிந்துவிட வேண்டும். அம்பறாத்தூணியில் திரும்ப வைத்தால், மாலை மங்கலில் வேறொருவர் கை அதை எடுத்துவிடும்.