கொண்டலாத்திக்கு ஒரு குடில்

சுவிற்சர்லாந்து என்றதும் நம்மவர் நினைவில் எழுவன பனியும் ஏரியும் பசும்புல் வெளியுமே. ஆயினும் நாகதாளி தானாக முளைத்துப் படரும் குன்றுகளும் இந்நாட்டில் உண்டு. வலே மாநிலத்தின் தலைநகரான சியோனில் அவற்றைக் காணலாம். இருமருங்கிலும் உயர்ந்து நிற்கும் அல்ப்ஸ் மலைத்தொடர்கள் மழைமேகங்களை மறித்துவிடுவதால், அங்கு ரோண் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் மழையே பெய்கிறது. யாழ்ப்பாணம் பெறும் மழையில் இது பாதியளவே.

இதனைப் பாலைவனம் என்று கூறிவிட முடியாது. எனினும் வறண்ட வெளிகளை விரும்பும் ஒரு பறவைக்குச் சுவிசில் இதுவே முதன்மையான புகலிடம். அப்பறவை கொண்டலாத்தி; யேர்மன் மொழியில் வீடெஹொப். விசிறிபோல் விரியும் கொண்டையும் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சிறகுகளும் உடைய இப்பறவை, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வெட்டைவெளிகளில் நீண்ட அலகால் மண்ணைக் கிண்டித் திரிவதைக் கண்டோர் நம் வாசகரிடையே பலர் இருப்பர். சுவிஸ் கொண்டலாத்திகளோ குளிர்காலத்தைச் சகாராவுக்குத் தெற்கே மேற்கு ஆபிரிக்காவில் கழித்து, இளவேனிலில் இங்கு மீள்பவை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாட்டின் பல பாகங்களிலும் கூடுவைத்த இப்பறவை, பின்னர் வெகுவாக அருகிற்று. வலேயிலும் 1990களில் சொற்பமான சோடிகளே எஞ்சியிருந்தன. இரையில்லாமையே காரணம் என எவரும் எண்ணக்கூடும். செம்பாக் நகரிலுள்ள சுவிஸ் பறவையியல் நிலையத்தையும் பேர்ண் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் கண்ட விடை வேறு. சமவெளிப் பழத்தோட்டங்களில் கொண்டலாத்தியின் முதன்மை இரையான பிள்ளைப்பூச்சி மலிந்து கிடந்தது. பொந்துள்ள முதுமரங்கள்தாம் அற்றுப் போயிருந்தன. ஆகவே பறவைகள் மலைச்சரிவுகளில் முட்டையிட்டு, சமவெளிக்கு இறங்கி இரைபிடித்து, மீண்டும் மேலேறிக் குஞ்சுகளுக்கு ஊட்டின. இரை இருந்தும் அதன் அருகே இருப்பிடம் இல்லாமை எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

1998ஆம் ஆண்டு தொடக்கம் சமவெளியிலுள்ள தோட்டக் குடில்களில் நூற்றுக்கணக்கான கூட்டுப்பெட்டிகள் பொருத்தப்பட்டன. பெட்டி சுவரின் உட்புறம். பறவை நுழையும் துளை மட்டும் வெளிப்புறம். சில ஆண்டுகளுக்குள் சோடிகளின் தொகை பன்மடங்காயிற்று.

பெட்டி வைத்ததோடு பணி முடிந்துவிடவில்லை என்பதே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது. இனப்பெருக்க காலத்தில் அவற்றை இரு வாரங்களுக்கு ஒருமுறை பார்வையிடுகின்றனர். குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் இடுகின்றனர். கொண்டலாத்தியின் கூடு நாற்றத்துக்குப் பேர்போனது. அடைகாக்கும் பேடு வாலடிச் சுரப்பியிலிருந்து துர்நாற்றத் திரவத்தைக் கசியவிடும். அச்சுறுத்தப்பட்ட குஞ்சுகள் எச்சத்தைப் பீய்ச்சியடிக்கும். ஒருவரைக் கொண்டலாத்திபோல் நாறுகிறார் என்று கூறுவது யேர்மன் பேச்சுவழக்கு. அத்தகைய பெட்டியைத் துப்புரவாக்கிப் புதிய மரச்சீவல் இடுவது எளிய தொண்டன்று.

நிலத்தையும் பேணவேண்டும். புல் முற்றாக மூடினால் அலகு மண்ணை எட்டாது. களைநாசினி தெளித்து முற்றாக எரித்தால் பூச்சி வாழாது. புல்லும் வெறுமண்ணும் மாறிமாறி அமைந்த தோட்டமே உகந்தது. இதற்குத் தோட்டக்காரரின் இசைவு இன்றியமையாதது. இவ்வளவு செய்தும், குஞ்சு பொரித்த நாட்களில் குளிர்மழை தொடர்ந்தால் தாய் தந்தையர் கொணரும் இரை குறைந்து குஞ்சுகள் மடிந்துபோவதுண்டு. அதற்கு மனிதரால் ஆவது ஒன்றுமில்லை.

பலன் யாது? பயிரின் வேரைக் கடித்துச் சேதப்படுத்தும் பிள்ளைப்பூச்சியைக் கொண்டலாத்தி கூலியின்றி அகற்றுகிறது. இது தோட்டக்காரருக்குக் கிடைப்பது. ஏப்ரல் காலையில் பழமரங்களிடையே எழும் “ஊப், ஊப், ஊப்” என்ற குரல், அவ்வழியாகச் செல்லும் எல்லோருக்கும் கிடைப்பது.

இச்செய்தி நம் ஊருக்கும் பொருந்தும். அங்கும் கொண்டலாத்தி குடியிருப்பது மரப்பொந்திலும் பழஞ்சுவரின் இடுக்கிலுமே. பட்டுப்போன பனைகளின் பொந்துகளில் கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கின்றன. விடுமுறைக்குச் சென்று வளவைத் துப்புரவு செய்யும் நம்மவர், பட்ட பனையைத் தறித்து, பழைய மதிலின் வெடிப்புகளைச் சீமெந்தால் பூசிவிட்டுத் திரும்புவது வழமையாகிவிட்டது. வீட்டின்மேல் விழக்கூடிய மரத்தைத் தறிக்கவே வேண்டும்; அதில் மாற்றுக் கருத்தில்லை. வளவின் மூலையில் எவருக்கும் இடையூறின்றி நிற்கும் மொட்டைப் பனையை என்ன செய்வது? கோடரியை எடுக்குமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அது வெறும் பட்டமரமா, ஒரு குடும்பத்தின் வீடா என்பது அப்போது தெரியும். வலேயில் பெட்டி செய்து வைத்து ஈடுசெய்யும் இழப்பு, நம் வளவில் இன்னும் நிகழாதிருக்கக்கூடும்.