கணவன் செத்தால் காணி!

"அந்தக் காலத்திலேயே இங்கிலாந்துப் பெண் நிலம் ஆண்டாள், ஏட்டில் இருக்கிறது, பாரீர்!" என்று பழமைப் பித்தர்கள் எக்காளமிடுகின்றனர். பார்த்தோம். அவர்கள் மறைத்த வரிகளையும் சேர்த்தே படித்தோம்!

13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் உழுநிலத்தில் பெரும்பகுதி பிரபுக்களின் பண்ணைகளாயிருந்தது. பண்ணைக்கு 'மானர்' என்று பெயர். பண்ணைதோறும் ஒரு மன்றம். அங்கு விதித்த தண்டமும் நடந்த நிலமாற்றமும் தோற்சுருள்களில் இலத்தீன் மொழியிலே எழுதப்பட்டன. வேக்ஃபீல்டு, ஹேல்ஸ்ஓவன், பிரிக்ஸ்டாக் பண்ணைகளின் சுருள்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றிலே நிலம் வைத்திருந்த பெண்களின் பெயர்கள் உண்டு. மறுக்கவில்லை நாம்.

ஆனால், அந்த நிலம் அவள் கைக்கு வந்த வழி எது? மகன் இருந்தால் மகளுக்கு வாரிசுரிமை இல்லை. மகனில்லா வீட்டிலே மகள் பெற்றாலும், மணமானதும் அது கணவன் ஆட்சிக்குள் போயிற்று. அந்த மணத்திற்கே பண்ணையடிமை வீட்டார் பிரபுவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும், அதுதான் 'மெர்ச்செட்'! பிறகு எப்போது அவள் தன் பெயரால் நிலம் ஆண்டாள்? பெரும்பாலும் கணவன் பிணமான பிறகு! அவன் இறந்ததும் வீட்டிலுள்ள சிறந்த கால்நடையைப் பிரபு ஓட்டிச் செல்வான். நிலத்தில் ஒரு பங்கு விதவைக்கு: சில பண்ணைகளில் மூன்றிலொன்று, சிலவற்றில் பாதி, சிலவற்றில் முழுமையும். 'ஃபிரீ பெஞ்ச்' என்றனர் அதனை.

ஆயுள் முழுதும் அவளுக்குத்தானா? அதற்கும் பூட்டு! பல பண்ணைகளில், மறுமணம் செய்தால் நிலம் போயிற்று. கற்பு தவறினாள் என்றாலும் பறித்த பண்ணைகள் உண்டு. பெர்க்சயரின் என்போர்ன் பண்ணை வழக்கத்தை 1714-இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழ் எடுத்துரைத்தது: இழந்த நிலத்தை மீட்க, விதவை கரிய ஆட்டுக்கடா மீது பின்னோக்கி அமர்ந்து, அதன் வாலைப் பிடித்தபடி மன்றம் புகுந்து, தன் இழிவைத் தானே பாட வேண்டுமாம்!

மனைவியை இழந்த ஆணுக்கு? பொதுச் சட்டப்படி, அவளுக்குப் பிள்ளை ஒன்று உயிரோடு பிறந்திருந்தால் போதும்; அவள் நிலம் முழுவதும் அவன் ஆயுள்வரை அவனுக்கே! மறுமணம் செய்தாலும் இழப்பில்லை. அவனுக்குக் கடாவும் இல்லை, வாலும் இல்லை! இதுவா நீதி?

"பெண்ணுக்கு நிலம் நடத்தும் திறமை ஏது?" என்பார் உளர். அச்சுருள்களே அவர்தம் வாயை அடைக்கும். விதவை ஏர் நடத்தினாள், குத்தகை கட்டினாள், பிரபுவுக்குரிய உழைப்புக் கடனையும் தீர்த்தாள். பணம் வாங்கும்போது பெண் கையென்று பிரபு கூசவில்லை! நடுவர் குழுவில் அமர மட்டும் அவள் பெண்ணாகிவிட்டாள்!

இயற்கையா இந்த ஏற்பாடு? மனிதன் எழுதினான், மனிதனே அழித்தான். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணின் சொத்தை அவளுக்கே உரியதாக்கியது. உயில் எழுதாது இறந்தோரின் நிலத்தில் மகனுக்கிருந்த முந்துரிமையை 1925-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. வழக்கம் என்னும் கோட்டை, சட்டம் என்னும் சம்மட்டிக்குச் சரிந்தது!

இளைஞர்களே! பெண் பெயரிலுள்ள ஏட்டை எவர் நீட்டினாலும் பெயரோடு நின்றுவிடாதீர். எப்படி வந்தது? யார் ஆள்கிறார்? விற்கும் உரிமை உண்டா? என்ன செய்தால் பறிபோகும்? இந்த நான்கையும் கேளுங்கள். நான்குக்கும் நேரான பதில் கிடைக்கும்வரை, அது உரிமை அன்று, இரவல்!