பதக்கம் கிடைக்காத தச்சர்



தலைமைப் பண்பு பற்றிப் பேச வருகிறவர்கள் துருவப் பயணி ஷாக்கிள்டன் பெயரைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. சொல்ல வேண்டிய மனிதர்தான். 1915-இல் அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலில் உறைபனி அவருடைய எண்டூரன்ஸ் கப்பலை நொறுக்கியது. அவரோடு 27 பேர் பனிப்பாளத்தின் மேல் கூடாரம் அடித்தார்கள். படுக்கைப் பைகளில் 18 மட்டுமே மென்மயிர்த் தோல், மற்றவை கம்பளி. சீட்டுக் குலுக்கிப் பார்த்தால், கம்பளிப் பைகள் பெரும்பாலும் அதிகாரிகள் பக்கமே விழுந்தன. இதில் ஏதோ தில்லுமுல்லு என்று ஆட்களுக்கே சந்தேகம். இந்த மாதிரித் தில்லுமுல்லு நம் அலுவலகங்களிலும் நடக்கக் கூடாதா!

சுமையைக் குறைக்கத் தன் தங்கக் காசுகளையே பனியில் வீசிய அவர், ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோவை மட்டும் கட்டாயம் எடுத்துவரச் சொன்னார். பசித்துக் கிடப்பவர்களுக்குப் பாட்டும் வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆனால் எனக்குத் தச்சர் ஹாரி மக்னிஷைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. அவர் ஆசையாக வளர்த்த பூனையைச் சுடச் சொன்னவர் ஷாக்கிள்டன், தீனிக்கு வழியில்லை. சில வாரங்கள் கழித்து, கப்பலே மூழ்கிவிட்டது, இனி உங்கள் உத்தரவு செல்லாது என்று தச்சர் படகை இழுக்க மறுத்து நின்றார். எல்லோரும் எலிஃபன்ட் தீவை அடைந்த பிறகு, உதவி கேட்டுத் தெற்கு ஜார்ஜியாவுக்குப் போக 22 அடியைவிடச் சற்றே நீளமான படகைத் தயார்செய்ய வேண்டி வந்தபோது, அதே மக்னிஷ்தான் சறுக்குவண்டிக் கட்டைகளையும் பெட்டிப் பலகைகளையும் வைத்து மேல்தளம் கட்டினார். அந்தப் படகில் போகும் ஆறு பேரில் அவரையும் சேர்த்துக்கொண்டார் ஷாக்கிள்டன். முணுமுணுப்பவரைத் தீவில் விட்டுப் போகப் பயந்தார் என்றும் சொல்வார்கள். இருக்கட்டும், உயிரை அந்தக் கைகளிடம்தானே ஒப்படைத்தார்?

1916 ஆகஸ்ட் 30 அன்று எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் மீட்கப்பட்டார்கள். பேச்சாளர்கள் இங்கேயே கைதட்டல் வாங்கிவிடுவார்கள். அண்டார்க்டிகாவைக் குறுக்காகக் கடந்து வரவிருந்த அவருக்காக மறுகரையில் உணவுக் கிடங்குகள் அமைக்கப் போன குழுவில் மூவர் இறந்தது பேச்சில் வராது. துருவப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தபோது ஷாக்கிள்டன் நான்கு பேரை விட்டுவிட்டார், அதில் ஒருவர் மக்னிஷ் என்பதும் வராது.

புயற்கடலில் படகோட்டத் துணிந்தவருக்கு, எதிர்த்துப் பேசியவரின் வேலையைப் பாராட்ட மட்டும் துணிச்சல் வரவில்லை என்றே நினைக்கிறேன். மக்னிஷ் 1930-இல் வெலிங்டனில் ஏழையாக இறந்தார். 2004-இல் அவர் கல்லறை மீது அந்தப் பூனைக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

உங்கள் பணியிடத்திலும் ஒரு மக்னிஷ் இருந்திருப்பார். உங்களோடு மல்லுக்கு நின்று, வேலையையும் முடித்துக் கொடுத்த அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்குள் இருந்தால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.

அன்புடன்,
ஆசிரியர்