கணிப்பொறிப் படிப்பு இனியும் சோறு போடுமா?



கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நாட்களில் எங்கள் இயற்பியல் துறை வராந்தாவில் ஆள் நடமாட்டம் குறைவாகவே இருக்கும். கூட்டமெல்லாம் எதிரே உள்ள கணிப்பொறித் துறையில்தான். இந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறாக ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "ஐ.டி. வேலையெல்லாம் இனிமேல் மெஷினே பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே சார், பேசாமல் பிசிக்ஸில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

காலி இடங்களை நிரப்பவேண்டிய ஆசிரியன் நான். "தாராளமாக" என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்தப் பெண் கேட்டுவிட்டாள்: "எனக்குக் கம்ப்யூட்டர்தான் சார் பிடிக்கும். ஆனால் நான் படித்து முடிப்பதற்குள் அது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிடாதா?"

அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்குமாதலால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பயம் புதிதல்ல. 1950களில் கணிப்பொறிக்கு வேலை சொல்லவேண்டுமானால் அதற்குரிய எண் வடிவ ஆணைகளை ஒவ்வொன்றாக எழுதவேண்டும். எந்த எண்ணை எந்த இடத்தில் வைப்பது, எங்கிருந்து எடுப்பது என்பதெல்லாம் நிரல் எழுதுபவரின் தலைவலி. 1957இல் ஜான் பேக்கஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கினார்கள். ஏறக்குறைய கணிதச் சமன்பாடு போலவே எழுதலாம். அதை இயந்திர ஆணைகளாக மாற்றும் வேலையைக் கணிப்பொறியே செய்துகொள்ளும். அந்நாளில் இதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'தானியங்கி நிரலாக்கம்'! இனி நிரல் எழுத ஆள் எதற்கு என்று நினைத்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். நடந்ததோ நேர்மாறு. எழுதுவது எளிதாகவே, கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் வேலைகள் பெருகின. நிரல் எழுதுபவர்களும் பெருகினார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி, "ஆகவே பயப்படாதீர்கள்" என்று பேச்சை முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஃபோர்ட்ரான், நாம் துல்லியமாக எழுதியதை மொழிபெயர்த்தது, அவ்வளவுதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நாம் பார்ப்பது வேறு. வேண்டியதைப் பேச்சுமொழியில், தமிழில்கூட, சொன்னால் போதும். மனிதர்கள் எழுதி வைத்த கோடிக்கணக்கான வரிகளிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைப் பழகிக்கொண்ட அந்த இயந்திரம் முழு நிரலையே எழுதிக் கொடுக்கிறது. பெரும்பாலும் சரியாகவே கொடுக்கிறது.

இது நம் ஊரை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். பழைய நிரல்கள் ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களை மட்டுமே வைத்திருந்தன. 2000 பிறந்தால் அதை 1900 என்று அவை எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. 1990களின் பிற்பகுதியில் அவற்றைத் திருத்தும் வேலை ஏராளமாக இந்தியாவுக்கு வந்தது. அந்த அலையில்தான் நம் நிறுவனங்கள் வேகமாக வளர்ந்தன. சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் 2000இல்தான். இத்தொழிலில் பெரும்பகுதி ஆள் கணக்கு. இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இவ்வளவு கட்டணம். புதிதாகச் சேருகிற பையனுக்கு முதலில் கிடைப்பது மற்றவர் எழுதிய நிரலைச் சோதிப்பது, சிறு பிழை திருத்துவது போன்ற வேலைகள். அதைச் செய்துகொண்டேதான் தொழிலைக் கற்றுக்கொள்வான்.

இப்போது இயந்திரம் நன்றாகச் செய்வது அந்த முதல் படி வேலையைத்தான். ஏணியின் மேற்படிகள் அப்படியே இருக்கலாம். அடிப்படியை எடுத்துவிட்டால் ஏறுவது எப்படி? என்னை உறுத்துவது இதுதான். 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியரில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணமல்ல, திறன் பொருந்தாமையே காரணம் என்றும் அந்நிறுவனம் சொன்னது. இருக்கட்டும். திறன் ஏன் பொருந்தாமல் போகிறது என்று யோசித்துப் பார்க்கவேண்டியது நீங்கள்தான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிட இயந்திரத்திடம் நிரல் வாங்கி வந்தான். ஒரு மீட்டர் நூல். குண்டை 60 பாகை வரை இழுத்து விட்டான். பத்து அலைவுக்கு 20.06 விநாடி என்றது நிரல். நிறுத்துக் கடிகாரமோ 21 விநாடியைத் தாண்டிவிட்டது. மறுபடி செய்தான், அதே கதை. "சார், வாட்ச் வேகமாக ஓடுகிறது" என்றான்!

கடிகாரத்தில் குற்றமில்லை. நாம் பள்ளியில் படிக்கும் சூத்திரம், ஊசல் சிறு கோணத்தில் ஆடும்போதுதான் பொருந்தும். 60 பாகை வீச்சில் அலைவு நேரம் ஏழு விழுக்காடு கூடிவிடும். ஆட ஆட வீச்சு குறைவதால் வித்தியாசமும் சற்றுக் குறையும். இயந்திரத்தின் மேலும் முழுப் பழியைப் போடமுடியாது. "60 பாகை" என்று குறிப்பிட்டு நானே பிறகு கேட்டுப் பார்த்தேன். சரியான நிரலைத்தான் கொடுத்தது. கோணத்தைச் சொல்லவேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஊசலோடு போனால் பரவாயில்லை. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலைக் கலம், கோளுக்கு மிக அருகே போய்த் தொலைந்துபோனது. உந்துகலன்களின் கணத்தாக்கை ஒரு நிரல் பவுண்டு–விநாடியில் கொடுத்திருக்கிறது. அதை வாங்கிக்கொண்டவர்கள் நியூட்டன்–விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். சுமார் நாலரை மடங்கு பிழை! நிரலில் இலக்கணப் பிழை ஏதுமில்லை, தடங்கலின்றி ஓடியது. ஒன்பதாம் வகுப்பில் 'அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போச்சு' என்று உங்கள் ஆசிரியர் சொல்லும்போது சிரிக்கிறீர்களே, அந்த அலகுதான்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் நான் சொல்வது: கணிப்பொறி பிடித்திருந்தால் அதையே படியுங்கள். பயந்துகொண்டு இயற்பியலுக்கு வரவேண்டாம். பயந்து வருபவர்களால் இயற்பியலுக்கும் லாபமில்லை. ஆனால் நிரல் எழுத மட்டும் தெரிந்தவராகப் படித்து முடிக்காதீர்கள். அந்தச் சரக்கின் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. நிரல் எதைப் பற்றியதோ அதில் ஒன்றையாவது, அது வங்கிக் கணக்கோ மின் மோட்டாரோ இரத்தப் பரிசோதனையோ, ஆழமாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். 'மெஷின் போட்டுக் கொடுக்கும்' என்று யார் சொன்னாலும் கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். தோராயமாக விடை எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே மனத்துக்குள் சொல்லத் தெரியாதவர், இயந்திரம் நீட்டுவதை அப்படியே வாங்கிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்யமுடியும்?

பெற்றோரிடம் காட்டுவதற்காக ஒன்று. கணிப்பொறி என்ற பெயருக்காக மட்டும், நிலத்தை விற்றோ வட்டிக்கு வாங்கியோ நன்கொடை இடம் பிடிக்காதீர்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து வேலை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதை நம்பி இன்று கடன்படுவது சூதாட்டம்.

என் பழைய மாணவர் ஒருவர், பி.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பின் எம்.சி.ஏ. முடித்து, ஆறு ஆண்டு ஒரு நிறுவனத்தில் நிரல்களைச் சோதிக்கும் வேலை பார்த்தார். வேலை போனது. எட்டு மாதம் வீட்டில் இருந்தார். இப்போது கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் இருக்கிறார். ஓடும் பம்பின் அதிர்வைப் பதிவு செய்து, அதில் கலந்திருக்கும் அதிர்வெண்களைப் பிரித்து, எந்தத் தாங்கி தேயத் தொடங்கியிருக்கிறது என்று முன்னதாகவே கண்டுபிடிக்கும் நிரல் அவர் பொறுப்பு. நிரலில் முக்கால்வாசியை இயந்திரம்தான் எழுதுகிறதாம். தாங்கியின் உள்வளையத்தில் கீறல் விழுந்தால் எந்த அதிர்வெண்ணில் தெரியும் என்பதை மட்டும் இவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். "ஃபூரியர் தொடர் நடத்தும்போது பின் பெஞ்சில் தூங்கினேன் சார், இப்போது அந்த நோட்டைத் தேடுகிறேன்" என்று போனில் சொன்னார். முன்பு வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.